தமனி ரத்தம், சிரை ரத்தம்: ஊசி குத்தும்போது என்னிடம் கேட்கிற கேள்விகள்

திருச்சியில் நாலு வருடம் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தேன். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்த பிறகு பதினாறு வருடமாக ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பிரஷர், சுகர் பார்க்கிற மேசையிலும் உட்காருவேன். இவளுக்குத் தமிழ் வரும் என்று தெரிந்ததும் ஆயாக்களும் தாத்தாக்களும் ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கினதையெல்லாம் கேட்பார்கள், அவர்களைக் கூட்டி வந்த பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள். ஒரே கேள்விக்கு வாரம் பத்துத் தடவை பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

சிஸ்டர், நரம்புலதானே ஊசி போடுறீங்க? இதுல தமனி, சிரைன்னு எங்கேருந்து வந்துச்சு?

நாம் பேச்சில் "நரம்பு" என்று சொல்வது பெரும்பாலும் நரம்பே இல்லை. கையில் புடைத்துத் தெரிவது ரத்தக் குழாய். நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் நடுவே தகவல் கொண்டுபோகிற கம்பி மாதிரியான சமாச்சாரம், அதில் ரத்தம் ஓடாது. அதில் ஊசி பட்டால் விரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்த மாதிரி சுர்ரென்று இழுக்கும், நீங்களும் கத்துவீர்கள், நானும் உடனே ஊசியை எடுத்துவிடுவேன். ஆனாலும் "நரம்பு கிடைக்கல" என்று நானே நாளைக்கு நாலு தடவை சொல்கிறேன், பழக்கம் விடாது.

இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகிற குழாய் தமனி. திரும்ப இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. இரண்டுக்கும் நடுவில், முடியைவிட மெல்லிசாக, சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்துப் போகிற தந்துகிகள். இலங்கைப் பள்ளிப் புத்தகத்தில் தமனிக்கு நாடி என்றும் சிரைக்கு நாளம் என்றும் இருக்கும். அங்கே படித்தவர்கள் குழம்ப வேண்டாம், பெயர்தான் வேறு.

அப்போ உடம்புல ரெண்டு வகை ரத்தம் ஓடுதா?

இல்லை. ஒரே ரத்தம்தான், போகிற வழியில் ஒரு பெயர், வருகிற வழியில் ஒரு பெயர். பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்துக்குத் தள்ளுவதும் ஏறக்குறைய 5 லிட்டர். ஆக, இந்த நிமிடம் தமனியில் இருந்தது அடுத்த நிமிடத்துக்குள் சிரை வழியாக ஒரு சுற்று முடித்துவிடுகிறது.

மாறுவது சுமைதான். சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் என்று ஒரு புரதம், அதில் ஆக்ஸிஜன் உட்கார நாலு இடம். நம்ம ஊர் மினிபஸ் டாக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாலே சீட் உள்ளது. நுரையீரலில் கிளம்பும்போது கிட்டத்தட்ட எல்லா சீட்டும் நிரம்பியிருக்கும் (95 முதல் 99 சதவீதம்). உடம்பெல்லாம் சுற்றிவிட்டு சிரை வழியே திரும்பும்போது சுமார் 75 சதவீதம். அதாவது நாலு பேரில் ஒருவர்தான் இறங்கியிருக்கிறார், மூன்று பேர் இன்னும் உட்கார்ந்தேதான் வருகிறார்கள். இதைச் சொன்னால் நம்பாதவர்கள்தான் அதிகம், சிரை ரத்தம் காலியாகத் திரும்புகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நாம் மாடிப்படி ஏறினாலோ ஓடினாலோ தசைகள் இன்னும் கூடுதலாக இறக்கிக்கொள்ளும், அந்த மூன்று பேர் அதற்குத்தான் கையிருப்பு.

கார்பன் டை ஆக்சைடு சிரை ரத்தத்தில் கொஞ்சம் கூடுதல், அதனால் புளிப்பும் இம்மியளவு கூடுதல். பி.எச். அளவு (குறைந்தால் புளிப்பு கூடுதல் என்று அர்த்தம்) தமனியில் 7.40 என்றால் சிரையில் 7.36 பக்கம்.

ஸ்கூல்ல சுத்த ரத்தம், அசுத்த ரத்தம்னு படிச்சோமே. எங்க ஆயா கெட்ட ரத்தம்னு சொல்லும்.

நானும் அப்படித்தான் படித்தேன், சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் வைத்து இதயத்துக்கு வண்ணம் தீட்டி பத்துக்குப் பத்து வாங்கினேன். அந்த வார்த்தைதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அசுத்தம் என்றதும் சாக்கடை நினைவு வருகிறது. ஆனால் குடல் உறிஞ்சின சத்து சிரை வழியாகத்தான் கல்லீரலுக்குப் போகிறது. கணையம் விடுகிற இன்சுலினும், தைராய்டு சுரப்பதும் சிரை ரத்தத்தில்தான் முதலில் கலக்கின்றன. மறுபக்கம், யூரியா போன்ற கழிவு தமனி ரத்தத்திலும் இருக்கிறது. அதைச் சிறுநீரகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தமனிதான்.

கெட்ட ரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்று கீறிவிடுகிறவர்கள், அட்டை விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதுகு வலி, தோல் அரிப்பு, முகப்பரு எல்லாவற்றுக்கும் கெட்ட ரத்தம்தான் காரணம் என்பார்கள். சிரையிலிருந்து எடுத்துக் கீழே கொட்டுவது கெட்ட ரத்தம் இல்லை, சில வினாடிகளில் நுரையீரலுக்குப் போய் "நல்ல" ரத்தமாகப் போகிற அதே ரத்தம்.

கையில நீலமா, பச்சையா தெரியுதே, உள்ள ரத்தம் நீலமா இருக்குமா?

தமிழ் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது, அவன் அம்மாவுக்கும் அதே சந்தேகம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. மனித ரத்தம் எங்கேயும் எப்போதும் நீலம் இல்லை. தமனியில் பளிச்சென்ற சிவப்பு, சிரையில் கருஞ்சிவப்பு. தோலுக்குள் போகிற வெளிச்சத்தில் சிவப்பு ஆழமாக இறங்கும், நீலம் மேலாகவே சிதறித் திரும்பிவிடும். ஆழமாகப் போன சிவப்பை சிரையிலுள்ள கருத்த ரத்தம் விழுங்கிக்கொள்கிறது. ஆக அந்த இடத்திலிருந்து கண்ணுக்கு வருகிற வெளிச்சத்தில் சிவப்பு குறைந்து, சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டால் நீலமாகவோ பச்சையாகவோ படுகிறது. வேண்டுமானால் என் மேசைக்கு வந்து பாருங்கள், நீலக் கோட்டில்தான் ஊசி போடுகிறேன், டியூபில் சிவப்புதான் வருகிறது.

டியூப்ல பாத்தா கருப்பா இருக்கே, எனக்கு ஏதாவது வியாதியா?

இல்லை. சிரை ரத்தம் அப்படித்தான் இருக்கும். அதிலும் நான் மேல்கையில் கட்டின ரப்பர் பட்டை கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்துவிட்டால், ரத்தம் அங்கேயே தேங்கி, கை மேலும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு, முதல் டியூப் இன்னும் கருப்பாகத் தெரியும். பட்டையைத் தளர்த்தினதும் இரண்டாவது டியூப் கொஞ்சம் வெளுக்கும். இங்கே குளிர்காலமான ஜூன் மாதக் காலையில் சில்லென்ற கையோடு வருகிறவர்களுக்குக் கருப்பு அதிகம், ஜனவரிப் புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டு வருகிறவர்களுக்குச் சிவப்பு அதிகம். சூட்டில் கைக்கு ரத்தம் வேகமாக வந்து வேகமாகப் போகிறது, ஆக்ஸிஜனை இறக்கிவிட நேரமில்லை.

ரத்தம் கெட்டியாக இருக்கிறதா, சோகையா என்பதையெல்லாம் நிறத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். அதற்குத்தான் அந்த டியூப் மெஷினுக்குப் போகிறது.

நாடி துடிக்குது, சரி. இந்த நீல நரம்பு ஏன் துடிக்கிறதில்லை?

அழுத்தம்தான். பிரஷர் 120/80 என்று நான் சொல்வது உங்கள் தமனியின் அழுத்தம். இதயம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அது ஏறி இறங்குகிறது, அதுதான் நாடி. அந்த ரத்தம் கோடிக்கணக்கான தந்துகிகளில் பிரிந்து ஓடும்போது துடிப்பு அடங்கிவிடும். கையில் உள்ள சிரைக்கு வந்து சேரும்போது அழுத்தம் பத்துக்குப் பக்கம்தான். அதனால் தமனியின் சுவர் தடிமனாக, தசையும் இழுவையுமாக இருக்கும். சிரையின் சுவர் மெல்லிசு, ரத்தம் இல்லாவிட்டால் காலிப் பை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆனால் நன்றாக விரிந்து கொடுக்கும். உடம்பின் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் கிடக்கிறது.

இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் காலிலிருந்து மேலே எப்படி ஏறும் என்றால், சிரைக்குள் ஒருவழிக் கதவுகள், அதாவது வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து மேலே தள்ளும், கதவு கீழே விடாது. இதை நீங்களே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, புறங்கையில் புடைத்த சிரை ஒன்றை விரல் பக்கமாக ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் மணிக்கட்டுப் பக்கமாக வழித்துவிட்டு அந்த விரலை எடுங்கள். நடுவில் ஒரு வால்வு இருந்தால் அதுவரை குழாய் தட்டையாகவே இருக்கும், மேலே போன ரத்தம் கீழே வராது. முதல் விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது காட்டிய சோதனை கிட்டத்தட்ட இதேதான். அதற்கு முன்பு ஆயிரம் வருடத்துக்கு மேலாக, கல்லீரல் ரத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் ஐரோப்பாவில் நம்பினார்கள். கிரேக்கர்களில் சிலர் தமனிக்குள் காற்றுதான் ஓடுகிறது என்றார்கள். பிணத்தில் தமனி சுருங்கி, ரத்தமெல்லாம் சிரைக்குப் போய்விடும், அறுத்துப் பார்த்தால் காலி, அவர்கள் பாவம் என்ன செய்வார்கள்.

கத்தி பட்டு ரத்தம் வந்தா, எதுல வெட்டுப்பட்டிருக்குன்னு எப்படித் தெரியும்?

பளிச்சென்ற சிவப்பில், துடிப்புக்கு ஏற்ப விட்டுவிட்டுப் பீய்ச்சினால் தமனி. கருஞ்சிவப்பில் ஒரே சீராக வழிந்தால் சிரை. முழங்கால் சிராய்ப்பு மாதிரி பொட்டுப் பொட்டாகக் கசிந்தால் தந்துகி. பாடத்தில் இப்படித்தான் இருக்கும், சமையலறையில் பூசணிக்காய் வெட்டும்போது இரண்டும் சேர்ந்தேதான் அறுபடும், வெளிச்சமும் போதாது. நிறத்தை ஆராய்ச்சி செய்துகொண்டு நிற்காதீர்கள்.

சுத்தமான துணியை மடித்து வைத்து நேரடியாக, பலமாக அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. மஞ்சள் தூள், காப்பித் தூள் எதுவும் வேண்டாம். பீய்ச்சி அடித்தாலோ, பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டாலோ 10177, செல்போனிலிருந்து 112. சிரைதானே என்று அலட்சியமும் வேண்டாம், காலில் சுருண்ட சிரை வெடித்து ரத்தம் நிறையப் போனவர்கள் உண்டு. அப்போது படுக்க வைத்துக் காலைத் தூக்கி அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

காவடிக்கு அலகு குத்தும்போது ரத்தமே வர்றதில்லையே, அது எப்படி?

தைப்பூசம் முடிந்த வாரம் தவறாமல் வருகிற கேள்வி. என் வீட்டுக்காரரே அலகு குத்திக்கொள்கிறவர், அதனால் பக்தியைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். கன்னத்திலும் நாக்கின் நடுவிலும் பெரிய தமனி கிடையாது. நாக்கின் பெரிய குழாய்கள் அடிப்பக்கமாக, இரண்டு ஓரமாக ஓடுகின்றன. முகத்துக்குப் போகிற தமனி தாடை எலும்பைத் தாண்டி வாயோரமாக ஏறுகிறது, அங்கே விரல் வைத்தால் துடிப்புத் தெரியும். குத்திப் பழகிய பெரியவர்கள் தலைமுறையாக அந்த இடங்களைத் தவிர்த்துத்தான் குத்துகிறார்கள். கூரான மெல்லிய அலகு சதையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகிறது, போன இடத்தை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கிறது. மேளமும் அரோகராவுமாக இருக்கிற அந்த நேரத்தில் உடம்பில் அட்ரினலின் ஏறி தோலின் சிறு குழாய்கள் சுருங்கியிருக்கும். எடுத்த பிறகு விபூதி வைத்து அழுத்துகிறார்களே, அழுத்தம்தான் அங்கே வேலை செய்கிறது.

ஒன்று மட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுக்கிறவர்கள் அலகு குத்துவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். குத்துகிறவரிடமும் சொல்லுங்கள்.

ரத்த தானத்துல சிரையிலதானே எடுக்குறாங்க. அப்போ நோயாளிக்குக் கெட்ட ரத்தத்தையா ஏத்துறாங்க?

கெட்ட ரத்தம் என்ற வார்த்தைக்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன். ஏற்றுவதும் சிரையில்தான். கையில் ஏற்றின ரத்தம் இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போய், ஆக்ஸிஜன் ஏறி, பிறகுதான் உடம்புக்குப் போகிறது. பையில் எந்த நிறத்தில் இருந்தாலும் நுரையீரலைத் தாண்டினதும் பளிச்சென்று ஆகிவிடும். தமனியில் குத்தித் தானம் வாங்கினால் வலி, ரத்தம் நிற்க நேரமாகும், ஆபத்தும் கூட, பலன் ஒன்றும் இல்லை.

இங்கே தேசிய ரத்த சேவை ஒரு தடவைக்கு எடுப்பது சுமார் 480 மில்லி, எடை 50 கிலோவாவது இருக்க வேண்டும், அடுத்த தானத்துக்கு 56 நாள் இடைவெளி.

விரல்ல குத்தினா சுகர் 11, லேப்ல 9-ன்னு வருது. யார் பொய் சொல்றது?

இரண்டு பேரும் உண்மை சொல்லக்கூடும் (இங்கே சுகரை மில்லிமோல் கணக்கில்தான் சொல்வார்கள்). விரல் நுனியில் வருவது தந்துகி ரத்தம், தமனி ரத்தத்துக்குப் பக்கம். லேபுக்கு நான் எடுப்பது சிரை ரத்தம், அதாவது கை தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொண்ட பிறகு திரும்புவது. வெறும் வயிற்றில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது. நல்லா ஒரு பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் பார்த்தால், இன்சுலின் வேலை செய்து தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும் நேரம், அப்போது விரல் அளவு கூடுதலாகத்தான் இருக்கும்.

வேறு காரணமும் உண்டு. டியூபில் இருக்கிற ரத்த அணுக்களும் உயிரோடுதான் இருக்கின்றன, காத்திருக்கும் நேரத்தில் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடி டியூபில் ஃபுளோரைடு போட்டிருக்கிறார்கள். வீட்டு மெஷினுக்கும் கொஞ்சம் முன்பின் ஆகிற சுபாவம் உண்டு. விரலில் மாம்பழச் சாறு ஒட்டியிருந்தால் எந்த மெஷினும் உங்களைப் பயமுறுத்தும். கையைக் கழுவிவிட்டுக் குத்துங்கள்.

அண்ணனுக்கு மூச்சுத் திணறல்னு அட்மிட் பண்ணினப்போ மணிக்கட்டுல குத்தி எடுத்தாங்க, உயிரே போச்சுங்கறான். முழங்கையில எடுத்தா ஆகாதா?

ஆகாது, அவர்களுக்கு வேண்டியது வேறு. சிரை ரத்தம், ஒரு கை எவ்வளவு ஆக்ஸிஜன் செலவழித்தது என்ற கதையைத்தான் சொல்லும். நுரையீரல் எவ்வளவு ஏற்றி அனுப்புகிறது என்று தெரிய தமனி ரத்தம்தான் வேண்டும். தமனி ரத்தம் காலில் எடுத்தாலும் கையில் எடுத்தாலும் ஒன்றுதான், நடுவில் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். வலிப்பதற்குக் காரணம், தமனி ஆழத்தில் இருக்கிறது, அதன் சுவரிலும் பக்கத்திலும் வலி உணர்கிற நரம்புகள் (இது நிஜ நரம்பு) இருக்கின்றன.

திருச்சியில் இதை நான் நிறையச் செய்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட சின்ன சிரிஞ்சைச் சாய்வாகக் குத்தினால், நாம் இழுக்காமலே பிஸ்டன் துடித்துத் துடித்து மேலே ஏறும், அதைப் பார்த்ததுமே தமனி என்று மனசுக்குத் தெரிந்துவிடும். காற்றுக் குமிழி இருந்தால் வெளியேற்றிவிட்டு உடனே மெஷினுக்கு ஓட வேண்டும். பிறகு குறைந்தது ஐந்து நிமிடம் அழுத்தம். டர்பன் வந்த புதிதில் ஒரு மெலிந்த ஆயாவுக்கு முழங்கையில் சிரை என்று நினைத்துக் குத்தினேன், டியூப் மளமளவென்று நிரம்பியது, நிறம் பளிச். தமனியில் பட்டுவிட்டது. ஊசியை எடுத்து, அவரிடம் நடந்ததைச் சொல்லி, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். "என்னம்மா, இன்னிக்கு என் கையை விட மாட்டேங்கிற" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விரல்ல மாட்டுற கிளிப்புக்கு எது தமனி, எது சிரைன்னு எப்படித் தெரியும்?

கெட்டிக்காரக் கேள்வி. ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற அந்தக் கிளிப் (பல்ஸ் ஆக்ஸிமீட்டர்) சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரல் வழியே அனுப்புகிறது. தோல், எலும்பு, சிரை ரத்தம் எல்லாம் ஒளியை ஒரே அளவில் மறைத்துக்கொண்டிருக்கும். தமனி ரத்தம் மட்டும் துடிப்போடு ஏறி இறங்கும். மாறாமல் இருப்பதைக் கழித்துவிட்டு ஏறி இறங்குகிற பகுதியை மட்டும் கணக்குப் பண்ணினால் தமனியின் ஆக்ஸிஜன் அளவு கிடைத்துவிடும். ஜப்பானில் டக்குவோ அயோயாகி என்ற பொறியாளர் 1970-களில் கண்டுபிடித்த உபாயம் இது. அதனால்தான் கை ஜில்லிட்டு நாடி மெலிந்தால் கிளிப் தடுமாறும். கருத்த நகப்பூச்சும் குழப்பும். நம்மைப் போலக் கருத்த தோலில் சில சமயம் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், அதையும் தெரிந்துவைத்திருங்கள்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி, "டர்பன்ல 98, ஜோபர்க்ல 95 காட்டுது, கிளிப் ரிப்பேரா?" என்று கேட்டார். ரிப்பேர் இல்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிறது, காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் இரண்டு மூன்று புள்ளி குறையும்.

இதைவிட முக்கியமானது அங்கேயே இருக்கிறது. குளிர்காலத்தில் கரி போட்ட இம்பாவுலா அடுப்பை வீட்டுக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டுத் தூங்குகிறார்கள். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினின் சீட்டைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். ரத்தம் சிரையில்கூடப் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும், கிளிப்பும் ஏமாந்து 98 காட்டும், ஆள் மூச்சடைத்துச் சாவார். சிவப்பாக இருந்தால் நல்ல ரத்தம் என்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

நுரையீரல் தமனியில ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் ஓடுதுன்னு டீச்சர் சொல்றாங்க. தப்பா சொல்றாங்களா?

டீச்சர் சொன்னது சரி. முதல் பதிலைத் திரும்பப் பாருங்கள், தமனி என்பது திசையை வைத்து வந்த பெயர், நிறத்தை வைத்து இல்லை. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிறது, ஆகவே தமனி, ஆனால் உள்ளே கருஞ்சிவப்பு. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வருவது சிரை, உள்ளே பளிச். பரீட்சையில் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

வயித்துல இருக்கிற பிள்ளைக்கு?

அங்கேயும் தலைகீழ். தொப்புள் கொடியில் பொதுவாக இரண்டு தமனி, ஒரு சிரை. நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்ஸிஜனோடு பிள்ளைக்கு வருவது சிரையில், பிள்ளை திருப்பி அனுப்புவது தமனிகளில். பிள்ளைக்கு நுரையீரல் இன்னும் வேலை செய்யவில்லை, அம்மாதான் நுரையீரல். அம்மா ரத்தமும் பிள்ளை ரத்தமும் நேராகக் கலப்பதில்லை, மெல்லிய சுவர் வழியாகத்தான் பரிமாற்றம். பிள்ளையின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இன்னும் இறுக்கிப் பிடிக்கிற ரகம், அதனால் அம்மாவிடமிருந்து இழுத்துக்கொள்ள முடிகிறது.

கொழுப்பு தமனியை மட்டும்தான் அடைக்குமா? சிரைக்கு ஏன் ஒண்ணும் ஆகிறதில்லை?

ரத்தம் ஒன்றுதான், அதிலுள்ள கொலஸ்டிராலும் ஒன்றுதான். வித்தியாசம் அழுத்தம். வருடக்கணக்கில் அந்த 120 வந்து மோதி மோதித் தமனியின் உள்சுவர் அடிபடுகிறது, கிளை பிரிகிற இடங்களில் முக்கியமாக, அங்கேதான் கொழுப்பு படிகிறது. சிரையில் அந்த மோதல் இல்லை. இதற்கு நல்ல சாட்சி பைபாஸ் ஆபரேஷன்: காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து இதயத்தில் தமனியின் இடத்தில் தைக்கிறார்கள். அதுவரை கொழுப்பே படியாமல் இருந்த சிரை, தமனியின் அழுத்தத்தில் சில வருடம் இருந்ததும் அதிலும் அடைப்பு வர ஆரம்பிக்கிறது.

சிரைக்கு வேறு தொல்லை. வால்வு பழுதானால் ரத்தம் தேங்கி, குழாய் வளைந்து புடைக்கும், நாம் நரம்பு சுருட்டல் என்கிறோம். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள் காலில் நிறையப் பார்க்கலாம்.

துபாய் மாறி சென்னை போனேன், கால் வீங்கிடுச்சு. கால்ல ரத்தம் கட்டினா மூளைக்குப் போகுமா?

காலின் ஆழச் சிரையில் கட்டி உண்டாகி அது நகர்ந்தால், போகிற வழியை யோசியுங்கள். சிரை போகப் போகப் பெரிசாகிக்கொண்டே இருக்கும், இதயத்தின் வலது பக்கம்வரை தடையே இல்லை. அடுத்தது நுரையீரல் தமனி, அது கிளை கிளையாகக் குறுகும், அங்கேதான் சிக்கும். அதனால் நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல். பக்கவாதம் வரவழைக்கிற கட்டி பெரும்பாலும் இதயத்தின் இடது பக்கத்திலிருந்தோ கழுத்துத் தமனியிலிருந்தோ கிளம்புவது. விதிவிலக்கு ஒன்று உண்டு: நாலு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில், பிறப்பதற்கு முன்பு இருந்த சிறு துளை முழுசாக மூடியிருக்காது, அரிதாக அது வழியாகக் கட்டி இடப்பக்கம் தாவிவிடலாம்.

இரண்டு காலும் ஒரே மாதிரி லேசாக வீங்கி, நடந்ததும் வடிந்தால் பெரும்பாலும் பயணக் களைப்புதான். ஒரு கால் மட்டும் வீங்கி, சுட்டு, கெண்டைக்கால் வலித்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

டயாலிசிஸ்னு வீட்டுக்காரர் கையில ஆபரேஷன் பண்ணி நரம்பை ஜாயிண்ட் பண்ணியிருக்காங்க. உள்ள கிர்ர்னு அதிருது, பயமா இருக்கு.

அதிர்ந்தால்தான் நல்லது, அதிர்வு நின்றால்தான் போன் பண்ண வேண்டும். டயாலிசிஸ் மெஷினுக்கு ஒரு நிமிடத்தில் முந்நூறு மில்லிக்குப் பக்கமாக ரத்தம் வேண்டும். சாதாரணச் சிரையில் அந்த வேகம் இல்லை, தமனியில் வாரம் மூன்று தடவை குத்தவும் முடியாது. அதனால் ஒரு தமனியையும் பக்கத்துச் சிரையையும் நேராக இணைத்துவிடுகிறார்கள், நடுவில் தந்துகி இல்லாமல். தமனியின் அழுத்தத்தில் சிரை சில வாரங்களில் தடித்து விரியும், பிறகு குத்த வாகாக இருக்கும். அந்தச் சிரையில் ஓடுவது பளிச்சென்ற தமனி ரத்தம்தான்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீர்கள், நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இறுக்கமான வளையல், தலைக்கு அடியில் கையை வைத்துத் தூங்குவது எல்லாம் வேண்டாம். தினமும் காலையில் விரல் வைத்து அந்தக் கிர்ர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேப் டவுன்ல இதயத்தையே மாத்தினாங்களே, நடுவுல இதயம் இல்லாதப்போ ரத்தம் எங்க போச்சு?

தாத்தா ஒருவர் கேட்டது, 1967 டிசம்பர் 3 அன்று ரேடியோவில் கேட்டது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறதாம். குரூட் ஷூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த அந்த ஆபரேஷனில் ரத்தம் ஒரு மெஷின் வழியாகச் சுற்றியது. இதயத்துக்கு வந்து சேர்கிற பெருஞ்சிரைகளின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, பம்பு வைத்துத் தமனிப் பக்கம் திருப்பி அனுப்புகிற மெஷின். திருச்சியில் அறுவை அரங்கில் இந்த மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒரு குழாயில் நாவல்பழ நிறத்தில் போகிறது, ஒரு முழம் தள்ளி இன்னொரு குழாயில் குங்குமமாக வெளியே வருகிறது. இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியது எல்லாம் அங்கே கண்ணுக்கு முன்னால் நடக்கும். இதயம் பெற்ற லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாள் இருந்தார், நிமோனியாவில் போனார். புது இதயம் கடைசிவரை அடித்துக்கொண்டிருந்தது.

கடைசியா ஒண்ணு. எல்லாச் சிரையிலும் ஒரே மாதிரி ரத்தமா?

தமனி ரத்தம் எங்கே எடுத்தாலும் ஒன்று என்று மேலே சொன்னேன். சிரை அப்படி இல்லை, எந்த உறுப்பிலிருந்து வருகிறதோ அதன் சாயல் அதில் இருக்கும். அந்த 75 சதவீதம் எல்லாம் கலந்த பிறகு வருகிற கணக்கு. சிறுநீரகத்துக்கு அதன் தேவையைவிட ரொம்பக் கூடுதலாக ரத்தம் போகிறது, இதயம் தள்ளுவதில் ஐந்தில் ஒரு பங்கு, வடிகட்டுவதற்காக. அதனால் அதன் சிரையில் வருவது நல்ல சிவப்பாகவே இருக்கும், யூரியாவும் குறைவு. நம் பழைய பாஷையில் சொன்னால் அந்த "அசுத்த" ரத்தம் சிறுநீரகத்துக்குப் போன "சுத்த" ரத்தத்தைவிடச் சுத்தம். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகிற சிரையில் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறியிருக்கும். எல்லாவற்றிலும் கருத்தது இதயத்தின் சொந்தத் தசையிலிருந்து திரும்புகிற ரத்தம். அதில் ஆக்ஸிஜன் சுமார் 30 சதவீதம்தான் மிச்சம், உட்கார்ந்திருக்கும்போதே மூன்று பேர் இறங்கிவிடுகிறார்கள். ஓடும்போது இதயத்துக்கு இன்னும் ஆக்ஸிஜன் வேண்டுமென்றால், கையிருப்பு இல்லாததால் கூடுதலாக ரத்தம் வந்தாக வேண்டும். இதயத் தமனியில் அடைப்பு உள்ளவருக்குப் படியேறும்போது நெஞ்சு பிடிப்பது அதனால்தான்.